தாளாளரிடம் சொல்லுங்கள்: பயிற்சிக் கம்பெனி இப்போதைக்கு வேண்டாம்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் கல்வி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வரும் ஜூனுக்குள் எல்லா வகுப்புகளையும் மாணவர் மையக் கற்றலுக்கு மாற்றச் சொல்கிறார் தாளாளர். இரண்டு நாள் பயிற்சி, செயல்பாட்டுப் பெட்டி, சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஒரு நிறுவனம் விலை சொல்லியிருக்கிறது. மூத்த ஆசிரியர்களோ, "அதெல்லாம் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்குச் செரிங் மேடம், நமக்குப் போர்ஷன் முடியோணுமுங்களே" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவர்களுடைய போர்ஷன் கவலையை ஒதுக்கிவிடாதீர்கள், அது நியாயமானதுதான். ஒரு வாரம் ஏழாம் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து, பீரியடில் நேரம் எங்கே போகிறது என்று குறித்துப் பாருங்கள். பாடம் விளக்குகிற நேரத்தைவிட, கேள்வி-பதிலைப் போர்டில் எழுதிப்போட்டுப் பிள்ளைகள் பார்த்து எழுதுகிற நேரம்தான் அதிகமாக இருக்கும். பிறகு அந்த நோட்டைத் திருத்தி, சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, திருத்தியதை எழுதினார்களா என்று மறுபடி பார்த்து... இதெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் நோட்டைப் புரட்டும் அப்பாவுக்காகவும், அந்த அப்பாவுக்குப் பயப்படும் நிர்வாகத்துக்காகவும். எனவே தாளாளரிடம் முதலில் கேட்க வேண்டியது பணம் இல்லை. நீங்கள் முயற்சி செய்யப்போகும் வகுப்பில் மட்டும் பாதிக் கேள்வி-பதிலை எழுத வேண்டாம் என்ற அனுமதி. அதைத் தரமாட்டேன் என்றால் எதையும் தொடங்காதீர்கள். ஆசிரியர் தலையில் இன்னொரு சுமை ஏற்றியதாகத்தான் முடியும். போர்ஷன், மார்க் என்ற இந்தப் பயத்துக்குப் பின்னால் பொதுத்தேர்வு ரேங்க்தான் இருக்கிறது. 2017-இல் அரசே அந்த ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளின் மார்க் விளம்பர ஃப்ளெக்ஸ் போர்டுகள் மட்டும் நம் தாளாளர்களின் தூக்கத்தை இன்னும் கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

இனி அந்த நிறுவனம். இவர்கள் வரும் வழி எனக்கு மனப்பாடம். முதலில் இலவச டெமோ. பலூன், சீட்டுக் குலுக்கல், பாட்டு எல்லாம் இருக்கும். ஆசிரியைகள் சிரிப்பார்கள், ஃபோட்டோ பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறும். அடுத்து, ஆசிரியர் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. உண்மையான வியாபாரம் அதற்கும் பிறகு வரும் செயல்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. பிள்ளைக்கு ஒன்று வீதம் அது புத்தகக் கட்டணத்தில் ஏறிவிடும். அதைக் கட்டப்போவது விசைத்தறி ஓட்டுகிற, பனியன் கம்பெனிக்குப் போகிற பெற்றோர். நடுவில் அறிமுகம் செய்து வைத்தவருக்கு ஒரு பங்கு உண்டு. அவர் பெரும்பாலும் புத்தக ஏஜென்ட்டாக இருப்பார், இல்லையென்றால் போன வருடம் உங்களுக்கு ஸ்மார்ட் போர்டு விற்றவராக இருப்பார்.

"புதிய கல்விக் கொள்கைப்படி இது கட்டாயம்" என்று பயமுறுத்தினால் அசராதீர்கள். 2020 கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி பற்றிப் பேசுவது உண்மை. ஆனால் தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, உங்களுடையது மாநிலப் பாடத்திட்டப் பள்ளி. சட்டம்தான் காட்ட வேண்டும் என்றால் 2009 கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாக, குழந்தையை மையமாக வைத்துக் கற்பிக்கச் சொல்கிறது அதன் 29-ஆவது பிரிவு. எந்தக் கம்பெனியின் சான்றிதழையும் அது கேட்கவில்லை.

விற்க வருபவரிடம் இப்படிக் கேளுங்கள்: "நாளைக்கு மூன்றாவது பீரியட், எங்கள் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில், புத்தகம் எந்தப் பக்கத்தில் நிற்கிறதோ அந்தப் பக்கத்தை நீங்களே நடத்திக் காட்டுவீங்களா? ஆறு வாரம் கழித்து மறுபடி வருவீங்களா?" பெரும்பாலானவர்கள் அதற்குப் பிறகு உங்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே இதை எழுதிவிட்டார்கள். உரை கேட்டும் செய்முறை பார்த்தும் ஆசிரியர் ஒரு முறையைப் புரிந்துகொள்வார். அது அவர் வகுப்பில் நிலைக்க, கூடவே இருந்து பார்த்துப் பேசும் ஆள் வேண்டும். நம் அரசுக்கும் இது தெரியும். வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்களை வைத்ததே இதற்காகத்தான். அவர்களை எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) விவரம் துரத்தவும் படிவம் சேகரிக்கவும் அனுப்பிவிட்டு, வகுப்பறை மாறவில்லை என்று கூட்டம் போடுவார்கள். 2007-08-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில் பிறந்த அட்டை-ஏணி முறை, அதாவது பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாகப் படி ஏறிக் கற்பது, அருமையான யோசனை. ஆனால் அட்டையின் எண்ணைச் சொல்வதே பாடமாகிப்போன வகுப்புகளைப் பார்த்து நான் நொந்துபோனேன். 2012-13-இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது தேர்வு தவிர வகுப்பிலேயே செய்யும் செயல்பாடுகளுக்கு, 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். ஸ்டேஷனரிக் கடையில் ரெடிமேட் சார்ட் விற்றது. பிள்ளை செய்ய வேண்டியதை அம்மா ராத்திரி உட்கார்ந்து ஒட்டினார். எல்லாருக்கும் 38 விழுந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருவோம். இரண்டே ஆசிரியர்களைத் தேர்ந்தெடுங்கள். தாமாக வருபவர்கள், ஆறு முதல் எட்டு வகுப்பு எடுப்பவர்கள் போதும். பத்தாம் வகுப்பை இந்த ஆண்டு தொடாதீர்கள். முதல் பாடத்தை அவர்கள் உட்கார்ந்து பார்க்க நீங்கள் நடத்துங்கள். வகுப்பு சொதப்பினால் இன்னும் நல்லது, பிறகு அவர்கள் உங்கள் முன்னால் பயப்பட மாட்டார்கள்.

மாற்றமும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். முதல் இரண்டு வாரம், கேள்வி கேட்டதும் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பெயர் சொல்லி அழைப்பது. அவ்வளவுதான். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே கவனித்தது இது: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை. மூன்று விநாடி காத்தால் பதில் நீளமாகிறது, வாய் திறக்காத பிள்ளையும் பேசுகிறது. அடுத்த இரண்டு வாரம், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் பதில் சொல்வது. சத்தம் வரும், வரட்டும்.

நீங்கள் உட்கார்ந்து பார்க்கும்போது ஆசிரியரைப் பார்க்காதீர்கள். மூன்று பிள்ளைகளின் நோட்டையும் முகத்தையும் பாருங்கள். அன்றைக்கே பத்து நிமிடம் ஒதுக்கி, "இன்னைக்கு யாருக்குப் புரியல? எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் கேளுங்கள். படிவம் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். இது இன்க்ரிமென்ட் பேச்சில் ஒருநாளும் வராது என்று தாளாளர் ஸ்டாஃப் மீட்டிங்கில் தன் வாயால் சொல்ல வேண்டும். வகுப்பில் நீங்கள் பார்த்தது ஒரு தடவை ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டால், பிறகு நீங்கள் வரும் நாளுக்கென்றே தனியாக ஒத்திகை பார்த்த பாடம்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த முறையை நிறுத்தி வையுங்கள்: பாடத்தில் ஆசிரியரே உறுதியாக இல்லாதபோது. மெட்ரிக் பள்ளிகளில் இது சாதாரணம். டைம்டேபிளில் இடம் இருக்கிறது என்று வேதியியல் படித்தவரிடம் ஆறாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்துவிடுவார்கள். அவர் கரும்பலகையில் பின்ன வகுத்தலை 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று நடத்தினால் வண்டி ஓடிவிடும். அதே பாடத்தில், "முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் ஊற்றினால் எத்தனை பாக்கெட்?" என்று குழுவில் பேசவிட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை "ஒன்றேகால்" என்று சொல்லும். ஒரு பாக்கெட் நிரம்பியது, கால் லிட்டர் மீதி, எனவே ஒன்றேகால். கேட்கச் சரியாகவே இருக்கும். அந்தக் கால் என்பது லிட்டரில் கால், பாக்கெட்டில் அது அரை, எனவே விடை ஒன்றரை என்று அந்த இடத்தில் பிடிக்க ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒன்றேகால் வகுப்பு முழுக்கப் பரவும், இல்லையென்றால் யோசித்துச் சொன்ன பிள்ளைக்குத் திட்டு விழும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். அப்படிப்பட்ட ஆசிரியரிடம் இந்தப் பருவம் குழுச் செயல்பாடே கேட்காதீர்கள். வாரம் ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் கூட உட்கார்ந்து, அடுத்த பாடத்தின் கணக்குகளை இருவரும் போடுங்கள். பிள்ளைகள் என்னென்ன தப்பான விடை சொல்வார்கள் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். அவர் விளக்கியே நடத்தட்டும், மூன்று விநாடி காத்திருப்பு மட்டும் இருக்கட்டும். இதைச் சொன்னால் அவர் கௌரவம் குறைந்துவிடும் என்று தயங்காதீர்கள். டைம்டேபிள் போட்டவர்தான் வெட்கப்பட வேண்டும்.

எல்லா வகுப்பும் ஜூனுக்குள் மாறாது. காலாண்டு விடுமுறைக்குள் இரண்டு பேர் பழகினால், அரையாண்டுக்கு முன் அவர்கள் ஆளுக்கு ஒருவரைத் தங்கள் வகுப்பில் உட்கார வைக்கலாம். சந்தேகப்படும் மூத்தவர்களை அப்போது கூப்பிடுங்கள், அதற்கு முன் வேண்டாம். வந்து பார்க்க அவர்களுக்கு ஒரு பீரியட் சப்ஸ்டிடியூஷன் கொடுக்க வேண்டியிருக்கும். பெட்டிக்கு வைத்த பணத்தில் ஒரு உதவி ஆசிரியரைப் போட்டுக்கொண்டால் அதற்குச் சரியாக இருக்கும்.

அந்த நிறுவனத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், பெட்டியை ரத்து செய்து, அந்தத் தொகைக்கு அவர்களுடைய பயிற்றுநர் நான்கு மாதம், மாதம் ஒரு முழுநாள் உங்கள் வகுப்புகளில் உட்கார வேண்டும் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.