பழைய 70எம்எம் பிரம்மாண்டப் படங்களை 4கே டிஸ்க்குக்காக எப்படி மீட்டெடுக்கிறார்கள்? ஒரே படத்தின் இரண்டு பதிப்புகள் ஏன் இவ்வளவு வேறாகத் தெரிகின்றன?

இரண்டு விஷயம்தான். எந்த ஃபிலிமை ஸ்கேன் செய்தார்கள், ஸ்கேன் செய்தபின் எதில் கைவைக்காமல் விட்டார்கள். மென்பொருளின் பெயரும் உறையில் மின்னும் "4கே ரீஸ்டோர்ட்" ஸ்டிக்கரும் அதற்கப்புறம்.

70எம்எம் படம் என்கிறோமே, கேமராவுக்குள் ஓடியது 65எம்எம் நெகட்டிவ். தியேட்டருக்குப் போன பிரிண்டில்தான் ஒலியின் காந்தப் பட்டைகளுக்கு இடம்விட்டு 70 ஆக்கினார்கள். ஒரு ஃபிரேமின் உயரம், ஃபிலிம் ஓரத்துத் துளைகளில் சொன்னால், 5 துளை. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) இந்த ஃபிலிமில் நெருக்கம் ஏதுமில்லாத லென்ஸில் எடுத்தது. அகல விகிதம் 2.20:1. 'பென்-ஹர்' (1959) படத்துக்கும் அதே 65எம்எம்தான், ஆனால் லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் 1.25 மடங்கு நெருக்கிப் பதியும், விரித்தால் 2.76:1. 'ஸ்பார்ட்டகஸ்' (1960) வேறு ஜாதி: 35எம்எம் ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, 8 துளைக்கு ஒரு ஃபிரேம், 1.5 மடங்கு நெருக்கம். டிஸ்க்கின் 3840 × 2160 புள்ளிகளில் 2.20 படம் சுமார் 1745 வரிகளையும் 2.76 படம் சுமார் 1391 வரிகளையும்தான் பயன்படுத்தும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது குறையில்லை. பட்டையே இல்லாமல் டிவி நிறைந்திருந்தால் பக்கத்தில் நறுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இனி, எந்த ஃபிலிம் என்ற கேள்வி. கேமரா நெகட்டிவிலிருந்து இன்டர்பாசிட்டிவ் (இடைப் பாசிட்டிவ் நகல்), அதிலிருந்து டூப் நெகட்டிவ் (நகல் நெகட்டிவ்), அதிலிருந்து பிரிண்ட். ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுணுக்கம் குறையும், கிரெய்ன் (படத்தில் மணல்போலத் தெரியும் துணுக்குகள்) ஏறும், கான்ட்ராஸ்ட் முறுகும். டிவிடி காலத்தில் பல படங்களுக்கு 35எம்எம்முக்குச் சுருக்கிய இன்டர்பாசிட்டிவே போதும் என்று விட்டார்கள். 4கே டிஸ்க்குக்கு அது போதாது. கேமரா நெகட்டிவ் வேண்டும். அங்கேதான் ஒரு முரண். அன்றைய முதல் சுற்று 70எம்எம் பிரிண்ட்களைப் பெரும்பாலும் கேமரா நெகட்டிவிலிருந்தே நேராக எடுத்தார்கள். படம் எவ்வளவு ஓடியதோ அவ்வளவு தடவை அந்த நெகட்டிவ் லேபில் தேய்ந்தது. தோல்விப் படத்தின் நெகட்டிவ் புதுசு மாதிரி கிடக்கும். வெற்றிப் படத்தினுடையது கந்தலாக இருக்கும்.

ஸ்கேனரில் ஏற்றுமுன் மேசையில் வைத்துக் கையால் சுற்றி ஒவ்வொரு ஒட்டையும், பிய்ந்த துளையையும் பார்க்க வேண்டும். சுருக்கம் அளக்க வேண்டும். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் 1 சதவீதம் சுருங்கினாலே ஊசியில் மாட்டி நிறுத்தும் ஸ்கேனரில் துளை கிழியும். உருளையில் ஓடி, துளையைக் கேமராவால் மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு மாற வேண்டும். பெட்டியைத் திறந்தவுடன் புளித்த காடி வாசனை வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ரீலைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும், வரிசை எண் பார்க்கக் கூடாது. அல்ட்ராசானிக் கழுவலுக்கு அவசரப்படக் கூடாது. ஃபிலிம் சிமென்ட் போட்டு ஒட்டிய அறுபது வருஷத்து ஒட்டு அதில் பிரிந்துவிடும்.

65எம்எம் என்றால் 8கே (அகலத்தில் சுமார் 8000 புள்ளி) ஸ்கேன் வீண் ஆடம்பரமில்லை. 'லாரன்ஸ்' 50ஆம் ஆண்டு மீட்டெடுப்புக்குக் கேமரா நெகட்டிவை 8கேயில் ஸ்கேன் செய்து 4கேயில் வேலை பார்த்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 216 நிமிடம், விநாடிக்கு 24 ஃபிரேம், மொத்தம் 3,11,040 ஃபிரேம். 10 பிட் 8கே ஃபிரேம் ஒன்று சுமார் 118 எம்பி. ஸ்கேன் மட்டுமே 36 டெராபைட்டுக்கு மேல். காப்புப் பிரதி தனி.

கீறலில் இரண்டு வகை உண்டு. ஃபிலிமின் பின்பக்கத்தில் விழுந்த கீறல் ஒளியைச் சிதறடிப்பதால்தான் தெரிகிறது. வெட் கேட் ஸ்கேனில் ஃபிலிமைப் பெர்குளோரோஎத்திலீன் திரவத்துக்குள் ஓட்டுவார்கள். அதன் ஒளிவிலகல் எண் அசிட்டேட்டுக்கு மிக அருகில் இருப்பதால் திரவம் கீறலை நிரப்பி மறைத்துவிடும். எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) பக்கக் கீறலில் சாயமே உரிந்து போயிருக்கும். அதற்குத் திரவம் உதவாது, பக்கத்து ஃபிரேமிலிருந்து கடன் வாங்க வேண்டும். தூசிக்கு அகச்சிவப்பு ஸ்கேன் இருக்கிறது. வண்ணச் சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி தடுக்கும். எனவே தூசியின் வரைபடம் தனியாகக் கிடைத்துவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள் என்பதால் இது பலிக்காது. 'லாரன்ஸ்' நெகட்டிவில் இவை எதிலும் சேராத வியாதி ஒன்று இருந்தது: பாலைவன வெப்பத்தில் எமல்ஷன் வெடித்து, காய்ந்த ஏரிப் படுகை போல நுண்ணிய பிளவுகள். பழைய பிரிண்ட்களில் கண்ணில் படாதது 8கேயில் பளிச்சென்று தெரிந்தது. அதை நீக்கத் தனியாக மென்பொருள் உத்தி தேவைப்பட்டது.

அதிக நாள் தின்பது வண்ணம்தான். அந்தக் கால ஈஸ்ட்மேன்கலர் நெகட்டிவில் மூன்று சாய அடுக்குகளில் மஞ்சள் முதலில் வெளிறும். மஞ்சள் அடுக்கு வைத்திருப்பது நீல நிறத்தின் பதிவு. நெகட்டிவில் அடர்த்தி அதிகமுள்ள இடம்தான் திரையில் வெளிச்சமான இடம். வெளிறும்போது இழப்பும் அங்கேதான் அதிகம். ஆகவே வெள்ளை அங்கி மஞ்சளடிக்கும், முகத்தில் வெயில் படும் மேடுகள் பொருக்குத் தட்டியது போலாகும். அதற்காகப் படம் முழுக்க நீலத்தைக் கூட்டினால் அங்கி வெள்ளையாகிவிடும், ஆனால் கறுப்புக் குதிரை நீலக் குதிரையாகிவிடும். சரியான வழி, நீலச் சேனலின் கான்ட்ராஸ்டை மட்டும் இழுத்து, நிழலை அதன் இடத்திலேயே பூட்டி, வெளிச்சத்தை மேலே தூக்குவது. இழுக்க இழுக்க அந்தச் சேனலின் கிரெய்னும் பெருகும். நிழலில் நீலப் புள்ளிகள் கொதிப்பது போல் தெரியத் தொடங்கினால் எல்லை வந்துவிட்டது.

அதைத் தாண்டி வெளிறியிருந்தால் பிரிப்பு மாஸ்டர்கள்தான் கதி. சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர் வழியாக எடுத்த மூன்று கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் அவை. சாயமில்லை, வெள்ளி மட்டும், வெளிறாது. 'ஸ்பார்ட்டகஸ்' 1991இல் அப்படித்தான் உயிர் பெற்றது. சிக்கல் என்னவென்றால் மூன்று ஃபிலிமும் ஒரே அளவில் சுருங்காது. ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஈட்டி முனைக்கு ஒருபக்கம் சிவப்பு, மறுபக்கம் சியான் என்று ஓரம் கட்டும். முழு ஃபிரேமையும் நகர்த்தினால் நடு சரியாகும், மூலை கெடும். ஃபிரேமைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக வளைத்துப் பொருத்த வேண்டும். முழுப் படத்தையும் இப்படிச் செய்ய வேண்டுமென்பதில்லை. நெகட்டிவிலிருந்து சிவப்பையும் பச்சையையும் எடுத்துக்கொண்டு, பிரிப்பு மாஸ்டரிலிருந்து நீலத்தை மட்டும் கடன் வாங்கினாலே பல காட்சிகள் தேறிவிடும்.

தானியங்கித் தூசி நீக்கியை நம்பி ஓட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் போர்க்காட்சியில் மாட்டுவார்கள். முந்தைய ஃபிரேமிலும் இல்லை, அடுத்த ஃபிரேமிலும் இல்லை, நடுவில் மட்டும் இருக்கிறது என்றால் அது தூசி. மென்பொருளின் தர்க்கம் அவ்வளவுதான். பறக்கும் அம்பும், தேர்ச் சக்கரத்தின் ஆரமும், குளம்படியில் தெறிக்கும் மண் கட்டியும் இதே இலக்கணத்துக்குள் வருகின்றன. ஒரு ஃபிரேமில் ஈட்டிக்கு முனை இருக்கும், அடுத்ததில் மொட்டையாக நிற்கும். ஓடும் படத்தில் சட்டென்று பிடிபடாது. ஏதோ துடிக்கிறது என்று மட்டும் தோன்றும். ஒழுங்கான லேபில் மூலத்தையும் திருத்தியதையும் கழித்து, மென்பொருள் எதை அழித்தது என்று மட்டும் காட்டும் படத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் வெறும் புள்ளிகள் தெரிந்தால் சரி. அம்பின் வடிவம் தெரிந்தால் அந்த ஷாட்டில் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் செய்ய வேண்டும்.

கிரெய்ன் விஷயத்தில்தான் பதிப்புக்குப் பதிப்பு வித்தியாசம் வருகிறது. கிரெய்ன் படத்தின்மேல் படிந்த அழுக்கு அல்ல. படமே அந்தச் சாயத் துணுக்குகளால் ஆனது. வழித்தெடுத்தால் மணலின் நெளிவும் கவசத்தின் வளையமும் தோலின் துளையும் சேர்ந்து போகும். 65எம்எம் நெகட்டிவில் எடுத்த 'பேட்டன்' (1970) படத்தின் 2008 புளூ-ரே இப்படி மெழுகு பூசியதற்குப் பேர் போனது. 2012இல் மறுபடி வெளியிட்டார்கள். 'ஸ்பார்ட்டகஸ்' 2010 புளூ-ரேக்கும் இதே குற்றச்சாட்டு, 2015இல் திருத்தம். வாங்குமுன் சோதிக்க எளிய வழி: ஆகாயம் நிறைந்த ஒரு ஷாட்டைப் பாருங்கள். படம் ஓடும்போது கிரெய்ன் மெல்ல நடனமாட வேண்டும். உறைந்து நின்றாலோ, குதிரைக்குப் பின்னால் மட்டும் இழுபட்டுக்கொண்டே போனாலோ கைவைத்திருக்கிறார்கள். அடிவானத்தை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடினால் செயற்கைக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள்.

டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாறுவது) வரும் ஷாட்டில் திடீரென்று படம் மங்கி கிரெய்ன் கூடுகிறதே என்று பலர் கேட்பதுண்டு. அது டிஸ்க்கின் கோளாறில்லை. அன்று டிசால்வை ஆப்டிகல் பிரிண்டரில் (ஃபிலிமை மறுபடி படமெடுக்கும் கருவியில்) செய்து, அந்த டூப்பை நெகட்டிவில் ஒட்டினார்கள். அந்தப் பகுதி மட்டும் இரண்டு தலைமுறை பின்தங்கியிருக்கும். இரண்டு ஷாட்டின் மூல நெகட்டிவும் கிடைத்தால் டிசால்வைக் கணினியில் மறுபடி செய்யலாம். பெரும்பாலும் கிடைக்காது.

பகலில் எடுத்து இரவாகக் காட்டிய காட்சிகளிலும் எச்சரிக்கை வேண்டும். நெகட்டிவில் அது வெறும் பகல். இரவாக்கியது பிரிண்ட் எடுக்கும்போது கொடுத்த விளக்கு எண்கள் (ஒளியின் அளவுகள்). அந்தத் தாள் தொலைந்திருந்தால் கிரேடிங் (வண்ணமும் வெளிச்சமும் சரிசெய்தல்) செய்பவர் பளிச்சென்று விட்டுவிடுவார். நிலா வெளிச்சத்தில் ஒட்டகங்களுக்குக் கத்திக் கூர்மையான நிழல் விழும். ஹெச்டிஆர் (டிவியில் கூடுதல் வெளிச்ச வீச்சு) வந்தபின் இந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. தியேட்டர் திரையில் வெள்ளை என்பதே, நிட்ஸ் என்ற வெளிச்ச அலகில், சுமார் 50தான். 1000 நிட்ஸ் கையில் இருக்கிறதென்று பாலைவன ஆகாயத்தை அங்கே தள்ளினால் கிரெய்ன் முள்ளாகக் குத்தும். வாள்முனை மின்னல், சூரிய வட்டம், தீ இவற்றுக்கு மட்டும் உச்சத்தைக் கொடுத்துவிட்டு மற்றதை அடக்கி வைப்பதே அழகு.

ஒலியில் 70எம்எம்முக்கு ஆறு ட்ராக்: திரைக்குப் பின்னால் ஐந்து, அரங்குக்கு ஒன்று. நடிகர் இடமிருந்து வலம் நடந்தால் வசனமும் கூடவே நடக்கும். வீட்டு 5.1 ஒலி அமைப்பில் முன்னால் மூன்றே ஸ்பீக்கர். எனவே இட-நடு ட்ராக்கை இடத்துக்கும் நடுவுக்கும் 3 டெசிபல் குறைத்துப் பங்கிட வேண்டும். வசனம் எல்லாவற்றையும் நடுவில் குவித்துவிட்ட டிஸ்க்குகள் உண்டு, அது சோம்பேறித்தனம். காந்த ஃபிலிமின் இரும்பு ஆக்சைடு அசிட்டேட் சிதைவை வேகப்படுத்துவதால் ஒலி மாஸ்டர் படத்துக்கு முன்பே செத்துப் போகும். 1989இல் 'லாரன்ஸ்' படத்தில் மீட்டுச் சேர்த்த காட்சிகளுக்கு ஒலியே இல்லை. பீட்டர் ஓ'டூல், அலெக் கின்னஸ் முதலானோர் கால் நூற்றாண்டுக்குப் பிறகு தங்கள் வசனத்தைத் தாங்களே மறுபடி பேசினார்கள். வயதான குரலை இளமைக்கு இசைவாக மாற்ற வேண்டியிருந்தது. இறந்துபோன ஜாக் ஹாக்கின்ஸுக்கு சார்லஸ் கிரே குரல் கொடுத்தார்.

நம் நாட்டு 70எம்எம் படங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா என்றால், பாதிதான். 'ஷோலே' (1975) எடுத்தது 35எம்எம்மில். 70எம்எம் என்பது பெரிதாக்கிய பிரிண்ட். 65எம்எம் நெகட்டிவ் என்ற ஒன்றே கிடையாது. கேமரா நெகட்டிவ் மோசமாகச் சிதைந்திருந்ததால் இன்டர்பாசிட்டிவ் உள்ளிட்ட பிற ஃபிலிம்களை வைத்து ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் 4கேயில் மீட்டு, 2025 ஜூனில் இத்தாலியின் பொலோன்யாவில் திரையிட்டது. அதில் 65எம்எம் கூர்மையைத் தேடுவது நியாயமில்லை.

கடைசியில் டிஸ்க். கிரெய்ன் உள்ள படம் பிட்ரேட்டை (விநாடிக்கு ஓடும் தரவின் அளவை)த் தின்னும். நாலு மணி நேரத்தை நெருங்கும் படத்தை ஒரே 100 ஜிபி டிஸ்க்கில் அடைத்தால் ஒலி உட்பட சராசரி 60 எம்பிபிஎஸ் கூடத் தேறாது. மணற்புயலில் கட்டம் கட்டமாக உடையும். அதனால் இடைவேளையில் வெட்டி இரண்டு டிஸ்க்காகக் கொடுப்பது நல்ல வழக்கம். எழுந்து மாற்றச் சோம்பல்படுகிறவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். முதல் டிஸ்க்கைப் போட்டதும் சுமார் நான்கு நிமிடம் கறுப்புத் திரையில் இசை மட்டும் வந்தால் பிளேயரைத் தட்ட வேண்டாம். தியேட்டரில் திரைச்சீலை மூடியிருக்க, ஜனம் நாற்காலி தேடி உட்காரும்போது ஒலித்த முன்னிசை அது.