காதல், துரோகம், கண்ணீர்: யார் கதைக்கு?

கேள்வி: என் முதல் நாவலுக்கு ‘காதல், துரோகம், கண்ணீர்... ஒரு பெண்ணின் உணர்ச்சிப் போராட்டம்! இறுதியில் உண்மை வென்றதா?’ என்று டேக்லைன் (அட்டையில் போடும் விளம்பர வரி) எழுதினேன். நண்பர்கள் ‘நல்லா இருக்கு’ என்றார்கள். கதை என்னவென்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கே தவறு?

பதில்: எப்படிக் கேட்பார்கள்? இந்த வரியை எடுத்து என் மேஜையில் கிடக்கும் எந்த நாவலின் தலையில் வைத்தாலும் பொருந்துகிறது. உங்கள் கதையில் மட்டும் இருப்பது எதுவோ, அது இதில் இல்லை.

இத்தனைக்கும் கதைச்சுருக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது என்ன? பார்வையிழந்த மாமியாருக்கு, இறந்துபோன மகன் எழுதுவதுபோல மருமகளே எட்டு வருடமாகக் கடிதம் எழுதி, அவளே வாசித்தும் காட்டுகிறாள். இப்படி ஒரு சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு ‘உணர்ச்சிப் போராட்டம்’ என்று எழுத எப்படி மனசு வந்தது? அழுகை வாசகர் பாடு. அதை நீங்களே முன்கூட்டி அழுதுவிடக் கூடாது.

1979-இல் வந்த ‘ஏலியன்’, விண்கப்பலுக்குள் புகுந்த ஒரு ஜந்து ஆட்களைக் கொல்லும் திகில் படம். அதன் போஸ்டர் வரி இது: விண்வெளியில் நீங்கள் அலறினால் யாருக்கும் கேட்காது. அந்த வரியில் ஜந்து இல்லை, கப்பல் இல்லை, ‘திகில்’ என்ற சொல்லும் இல்லை. காற்றில்லாத இடத்தில் ஒலி பரவாது என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். அதை அலறலோடு சேர்த்து வைத்தார்கள். இடம், ஆபத்து, தனிமை மூன்றும் வந்துவிட்டன.

உங்கள் கதைக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘எட்டு வருடமாக அவன் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. அவன் செத்து ஒன்பது வருடம்.’ பிரமாதம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு எண்களும் ஒன்றையொன்று முட்டுகின்றன. எழுதுவது யார் என்பதை நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? முடிச்சை மட்டும் காட்ட வேண்டும். அவிழ்ப்பது உள்ளே இருக்கட்டும். நீங்களோ ‘உண்மை வென்றதா’ என்று கேட்கிறீர்கள். என்ன உண்மை என்றே தெரியாதவனுக்கு அது வென்றால் என்ன, தோற்றால் என்ன?

ஆச்சரியக்குறி, மூன்று புள்ளி இரண்டையும் அடித்துவிடுங்கள். ஒரே வரியைச் செதுக்கிக்கொண்டிருக்காமல் இருபது வரி எழுதிப் பாருங்கள். முதல் பத்தும் குப்பைதான், எனக்கும் அப்படித்தான்.

அப்புறம், நாவலை முழுசாக அனுப்பிவையுங்கள். அந்த மாமியாருக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.