'டிட்' வந்த பிறகு 'ஈடி' எதற்கு?

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் ஆறு வருடமாக வெல்டராக இருந்தேன். போன மாதம் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். இப்போது தினமும் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கிறது. "தி லாரி டிட் நாட் ஸ்டாப்ட்" என்று எழுதினேன். சேஃப்டி ஆபீசர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். நடந்தது நேற்று. இறந்த காலம் என்றால் வினைச்சொல்லின் கடைசியில் ஈடி (ed) போடு என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்? டார்மில், அதாவது எங்கள் தொழிலாளர் விடுதியில், ஒருவர் 12 டென்ஸ், 300 வெர்ப் அட்டவணையோடு வகுப்பு நடத்துகிறாராம், 380 வெள்ளி (டாலர்). 50 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்த லாரியைப் பார்ப்போம்.

தம்பி, "நேற்று லாரி நிற்கவில்லை" என்று தமிழில் சொல்கிறீர்கள். "நின்றவில்லை" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'இல்லை' வந்து ஒட்டியதும் 'நின்றது' போய் 'நிற்க' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 'டிட்' வந்துவிட்டால் நேற்றைய சுமையை அதுவே தூக்கிக்கொள்ளும். பக்கத்தில் வரும் வினைக்கு வால் கிடையாது. டிட் நாட் ஸ்டாப். டிட் நாட் செக். கேள்வி கேட்டாலும் அப்படித்தான்: டிட் யூ செக்? நீங்கள் ஒரே சுமையை இரண்டு பேர் தலையில் ஏற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் சொந்தத் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெல்ட், வெல்ட்ஸ், வெல்டிங், வெல்டட். ஒழுங்கான ஆங்கில வினைக்கு இந்த நாலு உருவம்தான், ஐந்தாவது இல்லை. தமிழில் பற்றவைத்தேன், பற்றவைத்தாய், பற்றவைத்தான், பற்றவைத்தார்கள் என்று ஆளுக்கு ஒரு வால் மாட்டுகிறோம். ஆங்கிலத்தில் நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் ஒரே வெல்டட். நிகழ்காலத்தில் மட்டும் அவன், அவள், அது வந்தால் ஓர் எஸ். தமிழ் என்ற இந்தக் கஷ்டமான மொழியைச் சின்ன வயதிலேயே பேசிப் பழகிய உங்களுக்கா 380 வெள்ளி வகுப்பு?

பன்னிரண்டு டென்ஸ் என்று நம் ஊர்ப் பள்ளியில் கரும்பலகை நிறையக் கட்டம் போட்டு மிரட்டினார்கள் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். "ஐ ஷால் ஹாவ் பீன் வெல்டிங்" என்று எந்த சூப்பர்வைசர் எழுதப் போகிறார்? அந்தப் பன்னிரண்டும் இதே உருவங்களை வைத்து, முன்னால் வரும் குட்டிச் சொற்களை மாற்றிச் செய்வதுதான். உங்கள் ரிப்போர்ட்டுக்கு முக்கால்வாசி வெல்டட் போதும். ஒரு வேலை நடந்துகொண்டிருந்தபோது இன்னொன்று நடந்தால் 'வாஸ் வெல்டிங்'. இனி செய்யப்போவதற்கு 'வில் வெல்ட்'. முடித்துவிட்டோம் என்பதற்கு 'ஹாவ் வெல்டட்'. ஆனால் இந்தக் கடைசியோடு 'எஸ்டர்டே' சேர்க்காதீர்கள், நாளைச் சொன்னால் வெறும் வெல்டட்தான். ஸைட்டில் "ஐ செக் ஆல்ரெடி" என்று எல்லோரும் பேசுகிறோம், நானும்தான் பேசுகிறேன். பேச்சுக்குச் சரி, தாளுக்கு 'செக்ட்'. அந்த வால் இங்கே பேச்சில் பெரும்பாலும் விழுங்கப்படுகிறது. காது கேட்காததைக் கை எப்படி எழுதும்?

எழுத்துக்கூட்டலில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். உங்கள் வேலைக்கு அது ரொம்ப முக்கியம். சொல் ஒரே அசையாக, கடைசியில் ஓர் உயிரெழுத்தும் அடுத்து ஒரே ஒரு மெய்யெழுத்தும் (டபிள்யூ, எக்ஸ், ஒய் தவிர) இருந்தால், ஈடி போடுமுன் அந்த மெய்யை இரட்டிக்க வேண்டும். ஸ்டாப், ஸ்லிப், ட்ரிப், ட்ராப், க்ராப் என்று விபத்து ரிப்போர்ட்டில் வரும் சொற்களெல்லாம் இந்தக் கூட்டம்தான். செக், லிஃப்ட், வெல்ட் முடிவில் இரண்டு மெய் இருப்பதால் இரட்டிக்காது. க்ளீன், லோட் நடுவில் இரண்டு உயிர் இருப்பதால் இரட்டிக்காது. இரட்டித்தால் என்ன, விட்டால் என்ன என்று கேட்பீர்கள். 'ஸ்க்ரேப்' என்றால் சுரண்டுவது. 'ஸ்க்ராப்' என்றால் பழைய இரும்பென்று கழித்துப் போடுவது. முதலாவது ஈயில் முடிவதால் அதற்கு வெறும் டி போதும். இரண்டாவதற்கு 'பி' இரட்டிக்கும். டேங்கைச் சுரண்டினோம் என்று எழுத நினைத்த ஒருவர் 'பி'யை இரட்டித்துவிட்டார். படித்தால், நல்ல டேங்கைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டோம் என்று வருகிறது! மேலதிகாரி பதறிப்போய் போன் செய்தாராம். ஒரே ஓர் எழுத்து.

'ஃபால்' மாதிரி ஒழுங்கில்லாத வினைகள் வேறு சாதி, இப்போதைக்கு அவற்றை விடுங்கள்.

சரி, அந்த வகுப்பு. ரசீது கொடுத்தாரா? நடத்தும் இடத்துக்குப் பெயரோ முகவரியோ இருக்கிறதா? இல்லையென்றால் அது வகுப்பே இல்லை. இன்னும் சிலர் "அரசாங்கம் பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்று வேறு ஆசை காட்டுவார்கள். அந்தச் சலுகைத் தொகை 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு உரியது, வொர்க் பெர்மிட்டில் வந்த உங்களுக்குக் கிடையாது. எச்சரிக்கைப் பலகையை நாலு மொழியில் எழுதி மாட்டத் தெரிந்த கம்பெனிக்காரர்கள், ஒரு மனிதரைச் சூப்பர்வைசர் ஆக்கும்போது ரிப்போர்ட் எழுத நாலு நாள் சொல்லிக்கொடுத்தால் இந்த ஏஜெண்டுகளுக்குப் பிழைப்பே இருக்காது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

திரும்பி வந்த அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். ஈடி போட்ட இடத்தையெல்லாம் விரலால் தொட்டு, முன்னால் 'டிட்' இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பத்து ரிப்போர்ட்டில் பழகிவிடும். 50 வெள்ளி போனால் போகட்டும், மீதி 330-ஐ ஊருக்கு அனுப்புங்கள்.