வஃபூ, வஷிகி, வஷிட்சு: எதை எங்கே சொல்வது?

கேள்வி: ஜப்பானிய மொழி கற்று வருகிறேன். மூட்டுவலி உள்ள அம்மாவுடன் கியோத்தோ செல்லவிருக்கிறேன். விடுதிப் பட்டியலில் வஷிட்சு, யோஷிட்சு என்றும், உணவுப் பட்டியலில் வஃபூ என்றும் பார்க்கிறேன். இவற்றின் வேறுபாடு என்ன? எந்த அறையை எடுக்கலாம்?

பதில்: இச்சொற்களின் முதலில் வரும் 'வ' ஜப்பானையும், 'யோ' மேற்கு நாடுகளையும் குறிக்கும். 'யோ' என்பதற்குப் பெருங்கடல் என்று பொருள்; மேற்குலகைச் சுட்டும் 'செய்யோ' என்னும் சொல்லின் பின்பாதி அது.

மாணவர்கள் பெரிதும் தடுமாறுவது 'வஃபூ'வில்தான். 'ஃபூ' என்பது பாங்கு. ஆகவே பிறப்பால் ஜப்பானியமல்லாத ஒன்றை ஜப்பானியப் பாங்கில் செய்தால்தான் அது வஃபூ. இறைச்சியைக் கொத்தித் தட்டிப் பொரித்த ஹம்பாகு மேலைநாட்டு வழி வந்தது. அதன்மேல் துருவிய முள்ளங்கியை வைத்து, சோயா சாறு கலந்த குழம்பை ஊற்றினால் வஃபூ ஹம்பாகு ஆகிவிடும். புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பை யாரும் வஃபூ என்பதில்லை. அது வஷொகு, அதாவது ஜப்பானிய உணவேதான். நம் கறிக்குழம்பிலிருந்து கிளைத்த கறி சோறு, மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) பிரிட்டன் வழியாக ஜப்பானுக்குப் போனதால், அங்கே யோஷொகு எனப்படும் மேற்கத்திய உணவு வரிசையில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

'ஷிகி' என்பது அமைப்புமுறை. இதை நீங்கள் அதிகம் காண்பது கழிப்பறைக் கதவுகளில்: வஷிகி குந்தி அமர்வது, யோஷிகி நாற்காலிபோல் அமர்வது. அம்மாவுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அறைக்கு வருவோம். வஷிட்சு என்பது தத்தாமிப் பாய் பதித்த அறை; இரவில் அதன்மேல் ஃபுத்தோன் மெத்தை விரிப்பார்கள். படுக்கை தரையோடு தரையாக இருப்பதால், காலையில் கையூன்றி எழுவது முழங்காலுக்குக் கடினம். யோஷிட்சுவில் கட்டில் இருக்கும். ஆனால் கியோத்தோவரை போய்த் தத்தாமியில் ஒரு பொழுதும் உட்காராமல் திரும்ப வேண்டாம் என்பது என் விருப்பம். ஆகவே கட்டிலும் தத்தாமிப் பகுதியும் ஒருங்கே அமைந்த 'வயோஷிட்சு' கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பதிவு செய்யும்போதே, உணவுக்கு 'இசு-செகி', அதாவது நாற்காலி இருக்கை வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.