தெருவைப் பார்த்தீர்களா?

வீடு, மனை வாங்குவது பற்றி வந்த கடிதங்கள், சுருக்கமாக.

முடிச்சூரில் ஒரு மனை பார்த்திருக்கிறோம். 2015க்குப் பிறகு அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதே இல்லை என்கிறார் தரகர். நம்பலாமா?
வாசகர், பெருங்களத்தூர்

தரகரை விடுங்கள், சுவரைப் பாருங்கள். பழைய வீடுகளின் மதில்சுவரில் கறை எந்த உயரத்தில் நிற்கிறது? மின்மீட்டர் பெட்டியை ஆளுயரத்துக்கு மாற்றியிருக்கிறார்களா? வாசலில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்களா? காரணமில்லாமல் யாரும் இதற்கெல்லாம் செலவு செய்வதில்லை. அடையாறு உருவாகி வரும் பகுதியில் இருக்கிறது முடிச்சூர். ஆதனூர் போன்ற ஏரிகளின் உபரி நீர் அந்தப் பக்கமாகத்தான் இறங்கியாக வேண்டும். பிறகு கால்வாய் வேலைகள் நடந்திருக்கின்றன என்பது உண்மை. அவை உங்கள் தெருவைக் காத்தனவா என்று தெரிய வேண்டுமானால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது இரவு எங்கே தங்கினீர்கள் என்று இஸ்திரி வண்டிக்காரரிடமும் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவரிடமும் கேளுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மழுப்புவார்கள். நாளைக்கு அவர்களும் விற்க வேண்டும். பட்டாவோடு நிற்காமல் கிராம வரைபடத்தையும் வாங்கி, பக்கத்துச் சர்வே எண்கள் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

மெட்ரோ ரயில் வரப்போகும் தெரு. விலை இரண்டு மடங்காகுமா?
வாசகர், போரூர்

மெட்ரோ வரப்போவது விற்பவருக்கும் தெரியும். அந்த உயர்வையும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை சொல்கிறார்.

மடிப்பாக்கத்தில் தனி வீடு, 20 ஆண்டுப் பழையது. சாலையைவிட ஒன்றரை அடி தாழ்வு. மற்றபடி குறையில்லை, விலையும் குறைவு. வாங்கலாமா?
வாசகி, நங்கநல்லூர்

குடியிருக்க என்றால் வேண்டாம். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன்.

2004இல் வேளச்சேரிப் பக்கம் ஒரு வீடு வாங்கினேன். அன்று சாலையிலிருந்து மூன்று படி ஏறினால்தான் திண்ணை. சாலை போட வந்த ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த அடுக்கைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று அங்குலம், நான்கு அங்குலம். புதுச் சாலை வந்ததென்று நாங்கள் மகிழ்ந்தோம். பத்து ஆண்டுகளில் மூன்று படியும் தாருக்குள் போயின. 2015இல் மழைநீர் வாசல் வழியாகவும் சாக்கடை குளியலறை வழியாகவும் உள்ளே வந்தது. ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தித் தருபவர்களை அழைத்தேன். அவர்கள் சொன்ன தொகை என் சக்திக்கு மீறியதாக இருந்ததால் வீட்டையே விற்றேன். மனையின் விலைதான் கிடைத்தது. கட்டடத்துக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அதற்குப் பிறகும் உட்தெருக்களில் சுரண்டாமல் போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டை அரை நாள் வேலையில் பள்ளமாக்கிவிட்டுப் போகிறார்கள், கேட்டால் பதில் இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் தரையைப் பாருங்கள். பழைய கைப்பம்பு இருந்தால் அதன் மேடை எவ்வளவு புதைந்திருக்கிறது? வரிசையாக எத்தனை வீடுகளில் வாசற்படி கீழே இறங்குகிறது? சாலை வேலை தொடங்கும் நாளில் தெருக்காரர்கள் கூடி நின்று மட்டத்தை அளக்கச் சொல்கிற வழக்கம் அங்கே உண்டா? அப்படிப்பட்ட தெருவுக்குக் கூடுதலாகவே விலை கொடுக்கலாம். நீங்கள் கேட்ட வீட்டை இடித்துக் கட்டுவதாக இருந்தால் மனைக்கு மட்டும் விலை பேசுங்கள்.

1 கோடியே 20 லட்சத்துக்கு அடுக்குமாடி வீடு. மாத வாடகை 25,000 வருமாம். நல்ல முதலீடுதானே?
வாசகர், கோவை

ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது இரண்டரை சதவீதம். பராமரிப்புக் கட்டணமும் சொத்துவரியும் போனால் இன்னும் குறையும். கடன் வாங்கி இதைச் செய்யாதீர்கள்.

தெருக்குத்து மனை, 5 லட்சம் குறைத்துத் தருகிறார்கள். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை.
வாசகர், திருச்சி

நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கு இருக்கலாம். இன்னும் குறைத்துக் கேளுங்கள். இரவில் ஒருமுறை போய், எதிர்த் தெருவில் வரும் வண்டிகளின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து 5 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். எதிரே கல்யாண மண்டபம் இருப்பதை யாரும் சொல்லவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகர், பெங்களூரு

மண்டபம் நேற்று முளைக்கவில்லை. ரயில் ஏறி வந்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். கத்தரிக்காயைக்கூட காம்பைப் பார்த்து வாங்குகிறோம். பணம் திரும்புமா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதிக் கையெழுத்திட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அடுத்த முறை ஒரு தெருவுக்குப் பள்ளி விடும் நேரத்தில் ஒரு தடவை, முகூர்த்த நாள் இரவில் ஒரு தடவை, மழை நாளில் ஒரு தடவை போய் நில்லுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். 2021இல் வாங்கிய மனையில் வீடு கட்ட அனுமதி கேட்டபோது, அது பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் என்கிறார்கள். விற்ற நிறுவனம் தந்த வரைபடத்தில் அது மனை எண் 41. பத்திரமும் பதிவாகியிருக்கிறது.
வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

அம்மா, ஏமாந்துவிட்டோமே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். வரைபடத்தையே மாற்றிக் காட்டியவர்களின் குற்றம் இது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். அதை மனையாக விற்க அவர்களுக்கு உரிமையே இல்லை. அனுமதி பெற்ற வரைபடத்தின் சான்றிட்ட நகலையும் தானப் பத்திரத்தின் நகலையும் முதலில் வாங்குங்கள். இரண்டையும் உங்கள் பத்திரத்தோடு வைத்து, வீடு, மனை விற்கும் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ரெரா ஆணையத்தில் புகார் கொடுங்கள். நிலத்தின் உரிமையில் குறை இருந்து உங்களுக்கு இழப்பு ஏற்பட்டால் விற்ற நிறுவனம் ஈடு தர வேண்டும் என்கிறது ரெரா சட்டத்தின் 18ஆவது பிரிவு. அதற்குக் காலவரம்பு கிடையாது, ஆகவே நாளாகிவிட்டதென்று யார் சொன்னாலும் பின்வாங்காதீர்கள். காவல்துறையில் மோசடிப் புகாரும் தனியாகக் கொடுங்கள். வழக்கறிஞர் கட்டணம் பெரிதாகத் தெரிந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு. இடையில் அந்த நிறுவனத்தார் வேறு மனை தருகிறோம் என்று வந்து நின்றால், நகலை மட்டும் காட்டுங்கள். மூலப் பத்திரம் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.