வெயில் தின்ற முகம்: தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: வயது 52. முப்பது வருடம் டூவீலரில் அலைந்த முகம். கன்னத்தில் கரும்புள்ளி, கண்ணோரம் சுருக்கம். கார்பன் டை ஆக்சைடு லேசர் ஒரே தடவை போதும் என்கிறார்களே?

பதில்: உங்கள் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களா என்று கேளுங்கள். அந்த லேசர் தோலிலுள்ள தண்ணீரைச் சூடாக்கி மேல்தோலை ஆவியாக்கிவிடும். அடியில் சூடு பட்ட இடத்தில் தோலை விறைப்பாக வைக்கும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக ஊறும். முகம் முழுக்க ஒரேயடியாகச் சீவுவது பழைய முறை. 2004-க்குப் பிறகு வந்த ஃப்ராக்ஷனல் முறையில் சல்லடைக் கண் போலப் புள்ளி புள்ளியாகச் சுடுவார்கள். இடையில் சுடாமல் விட்ட தோலிலிருந்து காயம் சீக்கிரம் ஆறும். மாநிறத்துக்கு இதுதான் மேல்.

அப்படியும் ஆறிய இடம் கறுக்கலாம். கொசு கடித்த இடம் மாதக்கணக்கில் கருப்பாக நிற்குமே, அதே சமாச்சாரம்தான். அதனால் நானாக இருந்தால் காதுக்கு முன்னால் சின்ன இடத்தில் சோதித்துவிட்டு, குறைந்த சக்தியில் மூன்று நான்கு தடவையாகப் பிரித்துச் செய்வேன்.

கேள்வி: எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

பதில்: ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். அப்புறம் காபித்தூள் தூவியது போலப் பொருக்குக் கட்டும். பிய்க்காதீர்கள், வாசலைன் தடவினால் போதும். உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதற்கு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் லேசரைத் தொடுவோம்.

கேள்வி: எனக்கு மங்கு. லேசர் கேட்குமா?

பதில்: அவசரப்படாதீர்கள், சூட்டில் மங்கு கூடிவிடுவதும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு க்ரீம் ஏதாவது போடுகிறீர்களா? அதை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் மேல்தோலை உரிக்கும் கிளைகாலிக் அமிலம் (பீல்) 50 சதவீதம் கிடைக்கிறது. வீட்டிலேயே போடலாமா?

பதில்: கூடாது. சரியான நேரத்தில் அமிலத்தை முறிக்காவிட்டால் தோல் வெந்துவிடும்.

கேள்வி: காருக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு சன்ஸ்கிரீன்?

பதில்: சுருக்கம் உண்டாக்கும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் பக்கக் கண்ணாடியைத் தாண்டி வரும். என்னிடம் வரும் டாக்ஸி ஓட்டுநர்கள் பலருக்கும் வலது கன்னம்தான் கூடுதலாகக் கறுத்திருக்கிறது. ஜன்னல் அந்தப் பக்கம்தானே!