ஒரே டிராஃபிக், பல கருவிகள்: மிரர் போர்ட் கேள்வி-பதில்

கேள்வி: மிரர் போர்ட்டில் (மற்ற போர்ட்டுகளின் டிராஃபிக்கை ஸ்விட்ச் நகலெடுத்து அனுப்பும் போர்ட்) சாதாரண 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்றைச் செருகி, ஐடிஎஸ் (ஊடுருவலைக் கண்டறியும் கருவி), வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓடும் கணினி இரண்டையும் அதில் இணைத்தேன். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகப் போகும் பிராட்காஸ்ட் மட்டும்தான் வருகிறது. ஸ்விட்ச் பழுதா?

பதில்: பழுதில்லை. பேசிக்கொள்ளும் இரண்டு கணினிகளின் பாக்கெட்டுகளும் மிரர் போர்ட் வழியாகவே உள்ளே வருகின்றன. அதனால் இரண்டின் மேக் முகவரியும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அந்த ஒரே போர்ட்டில் இருப்பதாகச் சின்ன ஸ்விட்ச் பதிந்துகொள்கிறது. வந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டிய பாக்கெட்டைச் சாதாரண ஸ்விட்ச் அனுப்பாது, அங்கேயே கைவிட்டுவிடும்.

முதலில் மிரர் போர்ட் உள்ள மூல ஸ்விட்சின் கையேட்டைப் பாருங்கள். ஒரே மிரர் செஷனில் இரண்டு இலக்குப் போர்ட்டுகள் கொடுக்க முடிந்தால் வேலை அங்கேயே முடிந்தது. நடுவில் பெட்டியே வேண்டாம். முடியாதென்றால், விலேன் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) அளவில் மேக் கற்றலை (எந்த முகவரி எந்தப் போர்ட்டில் எனப் பதிவதை) அணைக்க முடிகிற மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்குங்கள். கற்காத ஸ்விட்ச், வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் பரப்பும். லினக்ஸ் பெட்டியில் பிரிட்ஜ் (மென்பொருள் ஸ்விட்ச்) அமைத்து, கற்ற முகவரியை நினைவில் வைக்கும் ஏஜிங் நேரத்தை 0 ஆக்கினாலும் இதே பலன்தான், ஆனால் வேகம் கூடினால் அந்தப் பெட்டியின் சிபியு திணறும்.

கேள்வி: 1 ஜிகாபிட் இணைப்பை 1 ஜிகாபிட் போர்ட்டுக்கு மிரர் செய்கிறோம். உச்ச நேரத்தில் மட்டும் பாக்கெட்டுகள் காணாமல் போகின்றன.

பதில்: போக 600, வர 600 மெகாபிட் ஓடினாலே மிரர் போர்ட்டுக்கு 1,200 வருகிறது. மூலப் போர்ட்டின் எண்களில் எதுவும் தெரியாது. இலக்குப் போர்ட்டின் அவுட்புட் டிராப் எண்ணை (அனுப்ப முடியாமல் கைவிட்ட பாக்கெட்டுகள்) பாருங்கள். 5 நிமிடச் சராசரி கிராஃபை நம்ப வேண்டாம், சில மில்லி விநாடி வெடிப்பு அதில் கரைந்துவிடும். இலக்கை 10 ஜிகாபிட் ஆக்குங்கள், அல்லது பேக்கப் டிராஃபிக்கை வடிகட்டி விடுங்கள். ஒன்றுகூட விடுபடக் கூடாது என்றால் ஃபைபரில் பாஸிவ் டேப் (ஒளியைப் பிரித்து நகல் தரும் கருவி) வையுங்கள். அது இரு திசைகளையும் தனித்தனி இழையில் தருவதால் கருவியில் இரண்டு போர்ட் தேவை.

கேள்வி: வயர்ஷார்க்கில் எங்கு பார்த்தாலும் ரீடிரான்ஸ்மிஷன் (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்புவது). நெட்வொர்க் மோசமா?

பதில்: முழு விலேனையும் இரு திசையிலும் மிரர் செய்திருப்பீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் உள்ளே நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று என இரண்டு நகலாகிறது. ஐபி அடையாள எண் ஒன்றே, இடைவெளி மைக்ரோ விநாடிகள் என்றால் அது நகல்தான், ரீடிரான்ஸ்மிஷன் இல்லை. விலேனுக்கு உள்வரும் திசை மட்டும் போதும். ஏற்கெனவே பிடித்த கோப்பை வயர்ஷார்க்குடன் வரும் எடிட்கேப் சுத்தம் செய்யும். ரவுட்டரைத் தாண்டிய நகலில் மட்டும் டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரிலும் குறையும் எண்), மேக் இரண்டும் மாறியிருப்பதால் அதைப் பிடிக்காது.

கேள்வி: ஒரே சர்வரில் சுரிகாட்டா, ஸீக் (டிராஃபிக்கைக் கண்காணிக்கும் மென்பொருள்கள்) இரண்டையும் ஒரே இன்டர்ஃபேஸில் ஓட்டலாமா?

பதில்: தாராளமாக. லினக்ஸில் பாக்கெட் பிடிக்கும் ஏஎஃப் பாக்கெட் முறையில் ஒவ்வொரு ஃபேன்அவுட் குழுவுக்கும் (டிராஃபிக்கைத் தங்களுக்குள் பங்கிடும் வாங்கிகளின் குழு) முழு நகல் கிடைக்கும். குழு எண்கள் வேறாக இருக்க வேண்டும்: இயல்பாகச் சுரிகாட்டாவுக்கு 99, ஸீக்குக்கு 23. ஒரே எண் கொடுத்தால் இரண்டும் டிராஃபிக்கைப் பங்கு போட்டுக்கொள்ளும், அல்லது பின்னால் வருவது தொடங்கவே மறுக்கும். நெட்வொர்க் கார்டில் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ (வரும் பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதிகள்) இரண்டையும் அணையுங்கள். இல்லாவிட்டால் பாக்கெட்டுகள் ஒட்டிக்கொண்டு எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) மீறிய அளவில் வரும்.

கேள்வி: அமேசான் கிளவுடின் தனி நெட்வொர்க்கான விபிசியில் ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு மிரர் செஷன். இரண்டாவது கருவிக்கு எதுவும் வரவில்லை.

பதில்: அங்கே ஒரு பாக்கெட் ஒருமுறைதான் நகலாகும். செஷன் எண் சிறியதன் ஃபில்டரில் பொருந்தியதும் அடுத்த செஷனுக்குப் போகாது. நெட்வொர்க் லோட் பேலன்சரை இலக்காக்கினாலும் அது பங்கிடுமே தவிர நகலெடுக்காது. ஒரு இன்ஸ்டன்ஸில் (கிளவுட் கணினி) வாங்கி, அமேசான் நகலைச் சுற்றி அனுப்பும் விஎக்ஸ்லேன் உறையைக் கழற்றி, லினக்ஸின் டிசி (டிராஃபிக்கைக் கையாளும் கட்டளை) மிரர் விதியால் இரு கருவிகளுக்கும் அனுப்புங்கள். அந்த இன்ஸ்டன்ஸின் செக்யூரிட்டி குரூப்பில் (அமேசானின் ஃபயர்வால் விதிகள்) விஎக்ஸ்லேன் வரும் யுடிபி 4789 திறந்திருக்க வேண்டும்.